எடிசனும் இரும்பு மலையும்

நுழையும்முன்

ஒரு நாட்டில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்னும் வினாவுக்கு, நிலத்தடியில் கிடக்கும் பாறையை அளந்து மட்டும் விடை கூறிவிட இயலாது. எவ்வளவு தாழ்ந்த தரமுள்ள பாறையிலிருந்து, எவ்வளவு செலவில் இரும்பைப் பிரித்தெடுக்க முடியும் என்பதும் அவ்விடையில் அடங்கியுள்ளது. மின்விளக்கால் உலகறிந்த தாமஸ் ஆல்வா எடிசன், தம் வாழ்நாளில் ஏறத்தாழப் பத்தாண்டுகளையும் தாம் ஈட்டிய பெருஞ்செல்வத்தையும் இவ்வினாவுக்கே செலவிட்டார். அவரது வெற்றிகளை உலகம் அறியும். அவரது பெருந்தோல்வியைப் பலர் அறியார். அத்தோல்வியின் வரலாற்றைக் கூறுகிறது இப்பாடம்.

பெயரும் புகழும்

1847ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், மிலன் என்னும் சிற்றூரில் எடிசன் பிறந்தார். அவர் பள்ளியில் பயின்ற காலம் மிகக் குறைவு. ஆசிரியப் பணி புரிந்தவரான தாய் நான்சியே அவருக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தார். சிறுவயதில் ரயிலில் செய்தித்தாளும் தின்பண்டமும் விற்றார். பதின்ம வயதில் தந்தி அனுப்பும் தொழிலைக் கற்று, ஊர் ஊராகச் சென்று பணியாற்றினார். இளமையிலேயே அவரது செவித்திறன் குன்றியது, அறிவுவேட்கை குன்றவில்லை.

1876இல் நியூஜெர்சி மாநிலத்து மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். அடுத்த ஆண்டே ஒலியைப் பதிவு செய்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவி அங்கே உருவானது. 1879இல் நெடுநேரம் எரியும் மின்விளக்கும், 1882இல் நியூயார்க் நகருக்கு மின்சாரம் வழங்கிய பேர்ல் தெரு மின்னிலையமும் அவருடைய பெயரை உலகெங்கும் கொண்டு சென்றன. எனினும், 1892இல் அவருடைய மின் நிறுவனம் வேறொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டு ஜெனரல் எலக்ட்ரிக் ஆனபோது, அதன் பெயரிலிருந்து எடிசன் என்னும் சொல் நீக்கப்பட்டது. மின்துறையில் தாம் செய்ததைவிடப் பெரிய செயலொன்றைப் புதிய துறையில் செய்து காட்டவேண்டும் என்னும் உறுதி அவருள் வலுப்பெற்றது. அத்துறைக்கான விதை அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே விழுந்திருந்தது.

கடற்கரையில் கருமணல்

மின்விளக்கு ஆய்வின் தொடக்கத்தில், விளக்கின் இழைக்குப் பிளாட்டினம் ஏற்றதாக இருக்கும் என எடிசன் கருதினார். அரிய அவ்வுலோகத்தைத் தேடியபோது, தங்கச் சுரங்கங்களின் கழிவு மணலிலும் ஆற்று மணலிலும் கலந்துள்ள கனிமங்களை ஆராயும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. பிளாட்டினம் போதிய அளவில் கிடைக்கவில்லை. ஆனால், மணலிலிருந்து கனிமத்தைப் பிரிக்கும் வழிகளைப் பற்றிய சிந்தனை அவருள் நிலைபெற்றது.

நியூயார்க்கை அடுத்த லாங் தீவின் கடற்கரையில் கரிய மணல் திட்டுகளாகக் குவிந்து கிடப்பதை அவர் கண்டார். அம்மணலைச் சோதித்தபோது, காந்தத்தால் ஈர்க்கப்படும் மேக்னடைட் என்னும் இரும்புத்தாது அதில் நிறைந்திருப்பது புலனாயிற்று. சேலம் மாவட்டத்துக் கஞ்சமலையில் காணப்படும் இரும்புத்தாதும் மேக்னடைட் வகையைச் சார்ந்ததே.

எடிசன் அமைத்த பிரிப்பான் மிக எளிமையானது. உயரத்தில் உள்ள பெட்டியின் நீண்ட பிளவு வழியாக மணல் மெல்லிய திரைபோலக் கீழே விழும். விழும் வழியில் ஒருபுறம் வலிமையான காந்தம் இருக்கும். காந்தம் இரும்புத் துகள்களைத் தன்னிடம் ஒட்டிக்கொள்வதில்லை. அவை விழும் பாதையைச் சற்றே தன்பக்கம் வளைத்துவிடும். வெறும் மணல் நேராக ஒரு தொட்டியிலும், இரும்புத் துகள் வளைந்து சென்று மற்றொரு தொட்டியிலும் விழும். புவியீர்ப்பும் காந்த ஈர்ப்பும் சேர்ந்து செய்யும் இவ்வேலைக்கு ஆட்செலவு மிகக் குறைவு. 1880இல் எடிசன் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

பிரிப்பானைக் கடற்கரையில் நிறுவியபோது இயற்கை குறுக்கிட்டது. கடும்புயலொன்று கருமணல் திட்டுகளைக் கடலுக்குள் வாரிச் சென்றது. கடல் கொடுத்ததைக் கடலே எடுத்துக்கொண்டது. அலைகள் சேர்த்து வைக்கும் மணலை நம்பித் தொழில் நடத்த இயலாது என்பதை எடிசன் உணர்ந்தார். அவருடைய பார்வை மலைகளின் பக்கம் திரும்பியது.

தரமும் அளவும்

அக்காலத்தில் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் இருந்த இரும்பாலைகள் பெரும் நெருக்கடியில் இருந்தன. அவற்றின் அருகிலிருந்த சுரங்கங்களில் உயர்தரத் தாது குறைந்துகொண்டே வந்தது. தொலைவில் உள்ள சுப்பீரியர் ஏரிப் பகுதியிலிருந்து தாதுவைக் கப்பலிலும் ரயிலிலும் கொண்டுவர வேண்டியிருந்தது. தாதுவின் விலையோடு ஏற்றுமதிச் செலவும் சேர்ந்து, ஆலைகளின் ஆதாயத்தை விழுங்கிற்று. கிழக்கில் இரும்பு தீர்ந்துவிட்டது என்றே பலரும் எண்ணினர்.

எடிசன் அவ்வாறு எண்ணவில்லை. தீர்ந்தது இரும்பன்று, உயர்தரத் தாதுவே என்பது அவரது துணிபு. நூறு பங்கு பாறையில் அறுபது பங்கு இரும்பு உள்ள தாது, சில இடங்களில் மட்டும் சிறு படிவுகளாகக் கிடைக்கும். இருபது பங்கே இரும்பு உள்ள பாறையோ மலைமலையாக நிற்கும். தரத்தின் எல்லையைத் தாழ்த்த ஒப்புக்கொண்டால், கைக்கு எட்டும் தாதுவின் அளவு பன்மடங்கு பெருகும் என்பது அவர் கண்ட உண்மை.

இதனை உறுதிசெய்ய நுண்ணிய காந்த ஊசிகளைக் கொண்டு பெரும் நிலஅளவை ஒன்றை நடத்தினார். கனடாவின் தென்பகுதி முதல் வட கரோலினா வரை அவருடைய குழுக்கள் நடந்தே சென்று, ஊசி சாயும் இடங்களைக் குறித்து வந்தன. நியூஜெர்சியின் வடபகுதியில், சசெக்ஸ் மாவட்டத்து மலைமீது இருந்த ஆக்டன் என்னும் பழைய சுரங்கப் பகுதியில் ஊசி வலுவாகச் சாய்ந்தது. அங்கே 3,000 ஏக்கர் நிலத்தில் மட்டும் 20 கோடி டன்னுக்கு மேல் தாழ்தரத் தாது உண்டெனக் கணக்கிட்டார். அதனைச் சூழ்ந்த மேலும் 16,000 ஏக்கரிலும் உரிமை பெற்றார்.

இக்கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. நூற்றுக்கு 60 பங்கு இரும்புள்ள தாதுவாயின், ஒரு டன் இரும்புக்கு ஏறத்தாழ 1.7 டன் தாது போதும். 20 பங்கே உள்ள பாறையாயின், ஒரு டன் இரும்புக்கு 5 டன் பாறையை உடைக்கவும் சுமக்கவும் பொடியாக்கவும் வேண்டும். அவற்றுள் பெரும்பகுதியைக் கழிவாகக் கொட்டவும் வேண்டும். தரம் தாழத்தாழ அளவு பெருகும். அளவோடு உழைப்பும் எரிபொருளும் பெருகும். எனவே, பாறையை உடைக்கும் செலவை எந்த அளவுக்குக் குறைக்க முடியும் என்பதிலேயே தம் வெற்றி அடங்கியிருக்கிறது என்பதை எடிசன் நன்கு அறிந்திருந்தார்.

ஆக்டனில் எழுந்த ஆலை

1889ஆம் ஆண்டளவில் ஆக்டன் மலைமீது ஆலைப்பணி தொடங்கியது. முதலில் அமைத்த எந்திரங்கள் போதிய பயன் தரவில்லை. எடிசன் அவற்றைக் கழற்றி எறிந்து, ஆலையை மீண்டும் மீண்டும் மாற்றியமைத்தார். மலைமீது தொழிலாளர்க்கென ஒரு சிற்றூரே எழுந்தது; அதன் வீடுகளில் மின்விளக்குகள் எரிந்தன; அவ்வூருக்கு எடிசன் என்றே பெயர் வழங்கிற்று. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவர் அங்கேயே தங்கினார். சனிக்கிழமை இரவு வீடு திரும்பி, ஞாயிற்றுக்கிழமையைக் குடும்பத்தாருடன் கழித்துவிட்டு மீண்டும் மலையேறுவது அவரது வழக்கமாயிற்று. தூசியும் இரைச்சலும் நிறைந்த அவ்வாலையில், தொழிலாளரோடு தொழிலாளராக நின்று வேலை செய்தார்.

அன்றைய சுரங்கங்களில் பாறையை வெடிமருந்தால் சிறுசிறு துண்டுகளாகச் சிதைப்பர். எடிசன் இச்செலவைக் கணக்கிட்டார். வெடிமருந்து தரும் ஆற்றலைவிட நிலக்கரி தரும் ஆற்றல் மிக மலிவானது. ஆகவே, பாறையை மலையிலிருந்து பெயர்க்கும் அளவுக்கு மட்டும் வெடிவைத்தார். உடைக்கும் வேலையை நீராவி எந்திரத்திடம் ஒப்படைத்தார். ஏறத்தாழ ஆறடி விட்டமுள்ள இரண்டு மாபெரும் இரும்பு உருளைகள் எதிரெதிராகச் சுழலும். நீராவி மண்வாரிகள் அள்ளி வந்த, ஐந்து டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள பாறைகள் அவற்றின் இடையே விழும். பாறை விழும் நொடியில் எந்திரத்துக்கும் உருளைக்கும் உள்ள பிணைப்பு நெகிழ்ந்துவிடும். சுழலும் உருளைகளின் உந்தமே பாறையை நொறுக்கும். இதனால் எந்திரத்துக்குச் சேதம் நேராது. அத்தகைய பாறையை எந்த எந்திரமும் உடைக்காது, உருளைகளே சிதறிப்போகும் எனப் பொறியாளர் பலர் எச்சரித்திருந்தனர். முதற்பாறை உருளைகளுக்கிடையே சென்று நொறுங்கியபோது அவ்வச்சம் நீங்கியது.

நொறுங்கிய கற்கள் மேலும் பல உருளைகளைக் கடந்து, உலர்த்தும் கோபுரத்தில் ஈரம் நீங்கி, மாவுபோலாகிக் காந்தங்களின் முன் திரையாக விழுந்தன. 480 காந்தங்கள் படிப்படியாக இரும்பையும் மணலையும் பிரித்தன. எஃகுக்குக் கேடு செய்யும் பாஸ்பரஸ் கலந்த நுண்தூசி காற்றால் அகற்றப்பட்டது. தொடக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கே இரும்பு கொண்டிருந்த பாறை, இறுதியில் மூன்றில் இரண்டு பங்கு இரும்பு கொண்ட கரிய தூளாக வெளிவந்தது. பிரிந்த மணலும் வீணாகவில்லை. கட்டடத் தொழிலுக்கு விற்கப்பட்டது.

தூளைக் கட்டியாக்கிய முயற்சி

தரம் உயர்ந்தது, ஆயினும் புதிய இடரொன்று தோன்றியது. இரும்பாலையின் ஊதுலையில் கீழிருந்து மேலாக வலிய காற்று செலுத்தப்படும். மாவுபோன்ற தூளை அதில் இட்டால், அது புகைபோக்கி வழியே பறந்துவிடும். அல்லது காற்று செல்லும் வழியை அடைத்துவிடும். எனவே, தூளைக் கட்டிகளாக்க வேண்டியிருந்தது. அக்கட்டி ரயிலில் ஏற்றி இறக்கும்போது உடையக்கூடாது, மழையில் கரையக்கூடாது, ஆனால், உலையின் வெப்பக் காற்று உட்புகும் நுண்துளைகளும் அதில் இருக்கவேண்டும். இதற்கேற்ற பிணைப்புப் பொருளைத் தேடி எடிசன் எண்ணற்ற சோதனைகள் செய்தார். பிசின் கலந்து அச்சிலிட்டு, அடுப்பில் சுட்டெடுத்த சிறு வட்டக் கட்டிகள் இறுதியில் எல்லாத் தேர்வுகளையும் தாங்கின.

பென்சில்வேனியா மாநிலத்துக் கேட்டசாகுவாவில் இருந்த கிரேன் இரும்பாலையில் அவை சோதிக்கப்பட்டன. வழக்கமான தாதுவைவிட எடிசனின் கட்டிகளை இட்டபோது உலையின் விளைச்சல் கூடியது. இரும்பின் தரமும் உயர்ந்தது. பத்தாண்டு உழைப்புக்குப் பயன் கிட்டும் நாள் நெருங்கிவிட்டதெனத் தோன்றியது.

மெசாபியின் செம்மண்

அதே காலத்தில், ஆக்டனிலிருந்து நெடுந்தொலைவில் வேறொரு வரலாறு நிகழ்ந்துகொண்டிருந்தது. மின்னசோட்டா மாநிலத்தின் வடபகுதியில் மெசாபி என்னும் குன்றுத்தொடர் உள்ளது. அங்கே இரும்பு உண்டென்று நம்பி நெடுநாள் தேடியவர்கள் மெரிட் குடும்பத்தார். 1890ஆம் ஆண்டு நவம்பரில் அவர்களுடைய குழு உயர்தரத் தாதுவைக் கண்டது. ஏனைய இடங்களில் தாது கடும்பாறையாக இருக்க, இங்கோ செம்மண்போல மென்மையாக இருந்தது. ஆழத்தில் இல்லாமல், மேல்மண்ணை நீக்கியவுடன் கிடைத்தது. சுரங்கம் தோண்டவோ பாறையை உடைக்கவோ காந்தத்தால் பிரிக்கவோ தேவையில்லை. நீராவி மண்வாரியால் அள்ளி, நேரே ரயில் பெட்டியில் கொட்டினால் போதும். 1892இல் முதல் தாது மெசாபியிலிருந்து புறப்பட்டது.

சில ஆண்டுகளில் அத்தாது வெள்ளமெனச் சந்தைக்கு வந்தது. 1893இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொள்ள, இரும்புத்தாதுவின் விலை சரிந்தது. எடிசன் தொழில் தொடங்கிய காலத்து விலையில் ஏறத்தாழப் பாதியாயிற்று. அவ்விலைக்குத் தம் கட்டிகளை விற்றால், உற்பத்திச் செலவுகூடத் திரும்பாது என்பதை எடிசன் கணக்கிட்டுக் கண்டார்.

ஆக்டன் மலையில் ஒரு பிடி இரும்பும் குறையவில்லை. 20 கோடி டன் தாதுவும் அங்கேயேதான் இருந்தது. ஆனால், விலை வீழ்ந்த அன்றே அது தாது என்னும் தகுதியை இழந்து, வெறும் பாறையாயிற்று. ஆதாயத்துடன் பிரித்தெடுக்க இயலும்போதுதான் கனிமம் நிறைந்த கல் தாதுவாகிறது. தரத்துக்கும் அளவுக்கும் இடையே விலை என்னும் மூன்றாவது ஒன்று நின்று இரண்டையும் ஆள்கிறது என்பதை இந்நிகழ்வு காட்டிற்று.

கடனும் கடமையும்

எடிசன் இத்தொழிலில் இட்ட பணம் இருபது இலட்சம் டாலருக்கு மேல். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் தமக்கிருந்த பங்குகளையும் இதற்காகவே விற்றிருந்தார். அவர் விற்றபின் அப்பங்குகளின் மதிப்பு பெரிதும் உயர்ந்தது. தம் செல்வம் மலையில் கரைந்ததைப் பற்றி அவர் வருந்திப் பேசவில்லை. அப்பணத்தைச் செலவிட்ட காலம் இனிமையாக இருந்தது என்றே நண்பர்களிடம் கூறி மகிழ்ந்தார்.

ஆலையை மூடிவிட்டு, தொழில் துணைவரான வால்டர் மேலரியுடன் ரயிலில் திரும்பும்போது, எடிசன் அடுத்துச் செய்யவேண்டியதைப் பற்றியே பேசினார். ஐம்பது வயதைக் கடந்திருந்த அவர், எல்லாம் போனாலும் தந்தி அனுப்பும் பழைய வேலைக்குச் சென்று பிழைத்துக்கொள்ள முடியும் எனத் தேற்றினார். நிறுவனத்தின் பேரில் பெருங்கடன் இருந்தது. நிறுவனம் நொடித்தது என அறிவித்து ஒதுங்கிக்கொள்ள அவர் விரும்பவில்லை. ஏனைய தொழில்களின் வருவாயைக் கொண்டு சில ஆண்டுகளுக்குள் கடன் முழுவதையும் தீர்த்தார். அவரை நம்பிப் பொருள் கொடுத்த எவரும் அத்தோல்வியால் ஏமாறவில்லை.

தோல்வியின் அறிவு, புதிய தொழிலுக்கு முதலாகவும் ஆயிற்று. பாறையைக் குறைந்த செலவில் மாவாக்கும் கலையில் அவரை விஞ்சியவர் அன்று எவருமில்லை. மாவாக்கிய பாறையே அடிப்படையாக உள்ள தொழில் சிமெண்டுத் தொழில். 1899இல் எடிசன் போர்ட்லண்ட் சிமெண்டு நிறுவனம் உருவாயிற்று. ஏறத்தாழ 60 அடி நீளமுள்ள சூளைகளே வழக்கிலிருந்த காலத்தில், 150 அடி நீளமுள்ள சுழற்சூளையை அவர் அமைத்தார். நியூயார்க் நகரின் யாங்கி விளையாட்டரங்கம் எழுந்தபோது, அதற்குப் பயன்பட்டது எடிசனின் சிமெண்டே. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், தம் 84ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

அரைநூற்றாண்டுக்குப் பின்

எடிசனை வென்ற மெசாபியின் செம்மண்ணும் வற்றாத ஊற்றன்று. இரண்டு உலகப்போர்களுக்கும் வேண்டிய எஃகு அதனை வேகமாகக் கரைத்தது. உயர்தரத் தாது தீரும் காலம் நெருங்கியபோது, அதனைச் சூழ்ந்திருந்த டேக்கனைட் என்னும் கடும்பாறையை அறிஞர்கள் நோக்கினர். அதில் இருந்த இரும்பு நூற்றுக்கு 25 முதல் 30 பங்கே. ஆனால், அதன் அளவு அள்ளித் தீர்த்த செம்மண்ணைவிட மிகப் பெரிது. மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்டு டேவிஸ் பல்லாண்டுகள் அப்பாறையை ஆராய்ந்தார். 1922இல் பாபிட் என்னும் ஊரில் தொடங்கிய டேக்கனைட் ஆலை, மலிவான தாதுவோடு போட்டியிட இயலாமல் ஈராண்டில் மூடப்பட்டது. ஆக்டனின் கதையே அங்கும் நிகழ்ந்தது. 1955இல் சில்வர் பே என்னுமிடத்தில் தொடங்கிய பேராலையே நிலைத்து நின்றது. பாறையை மாவாக்கி, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, தூளை உருண்டைகளாக்கிச் சுட்டு, ஊதுலைக்கு அனுப்பும் முறை அது. எடிசனை வீழ்த்திய அதே குன்றுத்தொடரில் அவருடைய வழி வெற்றிபெற்றது.

தாழ்தரத் தாது கேட்கும் விலையையும் அவ்வாலை காட்டிற்று. ஒரு டன் உருண்டைக்கு ஏறத்தாழ இரண்டு டன் கழிவு சேர்ந்தது. நாளொன்றுக்கு 60 ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுத்தூள் சுப்பீரியர் ஏரியில் கொட்டப்பட்டது. மக்கள் குடிக்கும் நீர் கெடும் என எழுந்த வழக்கு நெடுங்காலம் நடந்தது. 1980இல்தான் ஏரியில் கொட்டுவது நின்றது. கல்லில் குறைந்த தரத்தை எந்திரத்தால் ஈடுசெய்யலாம். அந்த ஈட்டின் சுமையை ஆறும் ஏரியும் நிலமும் தாங்க நேர்கிறது.

பூமியில் இரும்பின் அளவைப் பற்றி எடிசன் கொண்ட கருத்து பிழையன்று. தாழ்ந்த தரத்தில் பேரளவு உண்டு என்பதை அவர் சரியாகவே கண்டார். உயர்ந்த தரம் வேறெங்கோ எஞ்சியிருக்கும்வரை அப்பேரளவுக்குத் தேவை எழாது என்பதே அவர் எதிர்பாராதது. அவர் ஆக்டன் மலைமீது கட்டியது, தமக்கு அரைநூற்றாண்டு பிந்திய தலைமுறைக்குத் தேவைப்பட்ட ஆலை.

தெரிந்து தெளிவோம்

இரும்புக்கு மட்டுமன்றி ஏனைய உலோகங்களுக்கும் தரம், அளவு ஆகியவற்றின் தொடர்பு பொருந்தும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பிங்காம் பள்ளத்தாக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கே செம்பு உள்ள பாறை மலையளவு இருந்தது. டேனியல் ஜாக்லிங் என்னும் பொறியாளர் அதனைத் திறந்தவெளியில் பேரளவில் வெட்டினால் ஆதாயம் கிட்டும் என்றபோது, துறை வல்லுநர் பலர் அதனை ஏற்கவில்லை. 1906இல் அங்கே நீராவி மண்வாரிகள் வேலையைத் தொடங்கின. இன்று உலகின் பல செம்புச் சுரங்கங்களில் தாதுவின் தரம் நூற்றுக்கு 1 பங்குக்கும் குறைவே.

கற்பவை கற்றபின்

1. நூற்றுக்கு 60, 40, 20 பங்கு இரும்புள்ள மூவகைத் தாதுக்களிலிருந்து 100 டன் இரும்பு பெற எவ்வளவு தாது வேண்டும், எவ்வளவு கழிவு சேரும் எனக் கணக்கிட்டு அட்டவணைப்படுத்துக.

2. எடிசனின் ஆக்டன் முயற்சி தோல்வியா, காலத்தை முந்திய வெற்றியா என்பது குறித்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. பழைய இரும்பை உருக்கி மீண்டும் பயன்படுத்துவதால் தாழ்தரத் தாதுவை வெட்டும் தேவை எவ்வாறு குறையும் என்பதைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.